சாய்ந்து கிடந்த சுணை

கை படாததா என்று கேட்டால், இல்லை. கை பட்டதுதான்.

இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வணக்கத்துக்குப் பிறகு வருகிற உண்மைகள் பவுடர் பூசிக்கொண்டு வருகின்றன. மேடை அப்படிப்பட்ட இடம்.

இனி முறைப்படி.

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், இந்தச் செடி ஆராய்ச்சி நிலையத்தை வேராய் நின்று தாங்கும் இயக்குநர் அம்மையார் அவர்களே, சந்தேகத்தைத் தொழிலாகவும் தொழிலைத் தவமாகவும் கொண்ட, நிலையத்தின் சட்ட ஆலோசகர் வக்கீல் ஐயா அவர்களே, முதுகு சாயாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையைப் பல்லிடுக்கிலும் வைத்திருக்கும் தாய்மார்களே, உள்ளே வருவதா வெளியே போவதா என்று இன்னும் முடிவு செய்யாமல் கதவோரம் நிற்கும் நண்பர்களே, இந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கிற, என் கண்ணில் படாமல் இருக்கிற என் அண்ணியே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் தங்கை என்னை அழைக்கும்போது மிகவும் அன்பாகக் கேட்டார். சுவரின் இடப்பக்கம் ஒளிப்படம்தானே, கணினியில் கை படாத படம்தானே, அதை நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள் என்றார். அன்பான கேள்வி. எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்வி. எழுதிக் கொடுத்தவர் என் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வக்கீல் ஐயா சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் சிரிப்பையும் நான் முழுதாக நம்புவதில்லை.

சுவரைப் பாருங்கள். ஒரு பூசணிக்கொடி. வாசல் கதவில் தொடங்கி, தூணைத் தாண்டி, மாடிப்படி வரைக்கும் ஓடுகிறது. ஒவ்வோர் இலையும் ஓர் ஆள் உயரம். இடது பாதி நான் எடுத்த ஒளிப்படங்கள். வலது பாதி என் அண்ணி தாளில் தீட்டிய ஓவியம். இரண்டையும் கணினியில் ஏற்றி, அடுக்குமேல் அடுக்காக வைத்து, ஒரே கொடியாக்கி, துணியில் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம்.

படம் எங்கே முடிகிறது? ஓவியம் எங்கே தொடங்குகிறது? பார்க்கிறவர்கள் எல்லோரும் விரல் நீட்டி ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். எல்லோரும் வேறு வேறு இடத்தை. எல்லோரும் அதே உறுதியோடு.

இன்று உள்ளே நுழையும்போதே என் காதில் விழுந்தது. "இதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுடுதாம். பட்டனைத் தட்டினா போதுமாம்." பின்னாலிருந்து யாரோ ஆமாம் என்கிறீர்கள். நன்றி. உங்களுக்காகத்தான் வந்திருக்கிறேன். கைதட்டுகிறவர்களைவிட ஆமாம் என்கிறவர்கள் எனக்கு வேண்டியவர்கள். உங்களையும் என்னையும் ஒரே தாய் பெற்றிருக்க வேண்டும். நானும் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை.

எங்கள் மொட்டைமாடியில் தொட்டிகளில் பூசணி வளர்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே கொடி. காலையில் எனக்கு, வெயில் ஏறியதும் அண்ணிக்கு. நான் லென்ஸை இலைமேல் மூச்சுப் படுகிற தூரத்தில் கொண்டுபோவேன். அவ்வளவு கிட்டப் போனால் ஒரு நூலளவு மட்டும்தான் தெளிவாக விழும். மற்றதெல்லாம் புகை. லென்ஸை நூல் நூலாக நகர்த்தி எடுத்து, தெளிவான நூல்களை மட்டும் சேர்த்து அடுக்கினால், ஓர் இலை. காற்று வந்தால் கெட்டது. நான் மூச்சு விட்டால் கெட்டது. அண்ணன் மாடிக்கு வந்து "காபி வேணுமா" என்று கேட்டால் எல்லாமே கெட்டது.

பூசணி இலையைத் தொட்டவர்களுக்குத் தெரியும். சொரசொரக்கும், பிறகு அரிக்கும். இலைமுழுவதும் முள்ளென்றும் சொல்ல முடியாமல், முடியென்றும் சொல்ல முடியாமல் ஒன்று குத்திட்டு நிற்கும். சுணை. வெறும் கண்ணுக்கு அது இலைமேல் ஒரு மங்கல், அவ்வளவுதான். இந்தச் சுவரில் ஒவ்வொரு சுணையும் விரல்நக நீளம்.

நிலையம் எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. வலது பாதியில் ஓவியர் இஷ்டம்போல் தீட்டலாம். இடது பாதியில் செடி எப்படி இருக்கிறதோ அப்படி. இங்கே படிக்க வருகிற பிள்ளைகள் அதன்முன் நின்று இலை என்றால் இதுதான் என்று கற்றுக்கொள்வார்கள். அங்கே தூரிகைக்கு இடமில்லை. நியாயமான நிபந்தனை. நான் தலையாட்டினேன். அண்ணியும் தலையாட்டினார்.

துணிகளை ஒட்டி, விளக்கு பொருத்திக்கொண்டிருந்த அன்று மத்தியானம் வக்கீல் ஐயா வந்தார். எல்லோரும் தள்ளி நின்று பார்க்கிற படத்தை அவர் மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தார். அவர் அப்படித்தான். ஒப்பந்தத்தில் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர். இடது பாதியில் மூன்றாவது இலையின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார்.

"இது கேமரா எடுத்தது இல்லம்மா. இது பிரஷ்."

போய்ப் பார்த்தேன். விளக்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணியும் வந்து பார்த்தார். பிரஷ்தான். இலையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீற்றல். தூரிகையின் ஒவ்வொரு மயிரும் தன் தடத்தை விட்டுப் போயிருந்தது. பச்சை மட்டும் பிசகவில்லை. இலையின் பச்சைக்கும் அந்தப் பச்சைக்கும் அணுவளவு வித்தியாசம் இல்லை.

அப்படி ஒரு பச்சையை எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் கலப்பார்.

சந்தேகம் எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? இடி மாதிரியா? இல்லை. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர் மாதிரி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே. அன்று வீட்டுக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். அண்ணியின் அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். வலப்பக்கத்துப் பூ போயிற்று. இலைகள் போயின. கொடியின் நுனி போயிற்று. வலது பாதி முழுக்க வெள்ளை. இடது பாதியில், என் படத்தில், என் இலையில், அந்தத் தீற்றல் அப்படியே இருந்தது.

அப்படியென்றால் என் படத்துக்குள்ளேயே யாரோ தீட்டிச் சேமித்திருக்கிறார்கள். அந்தக் கணினியை எங்கள் வீட்டில் இரண்டே பேர்தான் தொடுவோம். நான் தீட்டவில்லை.

கேட்டிருக்கலாம் இல்லையா, என்று அங்கே ஓர் அம்மா தலையை ஆட்டுகிறீர்கள். கேட்டிருக்கலாம் அம்மா. கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன்.

மறுநாள் அண்ணி கணினிமுன் உட்கார்ந்தார். தட்டினார். திறக்கவில்லை. எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வந்தான். என் அண்ணனுக்குப் பல் லேபில் வேலை. பல் டாக்டர்கள் அளவு அனுப்புவார்கள், இவன் பல் செய்து அனுப்புவான். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பற்றியே யோசிக்கிறவனுக்குத் தன் வாயை எப்போது திறப்பது என்று தெரியாது.

"கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லையான்னு உன் அண்ணி கேக்கறா."

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் சமையலறைக்குப் போய் அங்கே ஏதோ சொன்னான். திரும்பி வந்தான்.

"ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டா எனக்குக் கொஞ்சம் காலாவது மிச்சமாகும்."

அப்படியே நாட்கள் போயின. ஒரே வீடு. ஒரே மாடி. ஒரே கொடி. காலையில் நான் போனால் அண்ணி இறங்கிவிடுவார். அண்ணி ஏறினால் நான் இறங்கிவிடுவேன். பூசணி பூத்தது. காய்த்தது. பூசணிக்கு என்ன தெரியும்?

தோழர்களே, சந்தேகப்படுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. எல்லாமே சாட்சியாகிவிடும். அண்ணி பேசவில்லை, அதனால் குற்றவாளி. அண்ணி பேசினார், அதனால் சமாளிக்கிறார். அண்ணி சாப்பிடவில்லை, மனசாட்சி உறுத்துகிறது. அண்ணி நன்றாகச் சாப்பிட்டார், மனசாட்சியே இல்லை. இந்தக் கணக்கில் யார் தப்பிக்க முடியும்? சொல்லுங்கள், இந்தக் கூட்டத்தில் யார் தப்பிக்க முடியும்?

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். அண்ணன் தன் லேபில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ ஒருவருக்கு முன்பல் நிறம் சேரவில்லையாம், திருப்பி அனுப்பிவிட்டாராம். புதிதாகச் சேர்ந்த ஆள் கண்ணளவிலேயே நிறம் பார்த்தானாம். "தள்ளி வெச்சுப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். பல்லோட ஒட்டி வெச்சுப் பார்க்கணும். வெச்சது எங்க இருக்குன்னே தெரியாம காணாமப் போகுதா, அதுதான் நிறம்," என்றான்.

அதைக் கேட்டதும் மூன்றாவது இலையின் தீற்றல் நினைவுக்கு வந்தது. பல நாட்கள் கழித்து அண்ணியிடம் நேராகப் பேசினேன்.

"அண்ணி, நீங்க பச்சை கலக்கும்போது சரியான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"இலை மேல வெச்சுத்தான். ஒரு தீத்து. காணாமப் போச்சுன்னா சரி."

"அப்புறம்?"

"ஈரத்துணியால துடைச்சிடுவேன்."

"எல்லாத்தையும் துடைச்சீங்களா?"

அண்ணி கையைக் கழுவாமலே எழுந்தார். நான் கணினியைத் திறந்தேன். பாஸ்வேர்டை அவர் எதிரிலேயே அடித்தேன். அந்த இலையைப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். தீற்றலின் நடுவில் இலையின் சுணை. சுற்றிலும் எல்லாச் சுணையும் குத்திட்டு நிற்கிறது. தீற்றலுக்குள் மட்டும் சாய்ந்து கிடக்கிறது. ஒரே பக்கமாக. தூரிகை போன பக்கமாக.

யோசித்துப் பாருங்கள். படத்தின்மேல் தீட்டியிருந்தால் சுணை மறைந்திருக்கும். சாய்ந்திருக்காது. கணினியில் தீட்டுகிற எந்தத் தூரிகைக்கும் சுணையைச் சாய்க்கிற பலம் கிடையாது. அந்த வண்ணம் என் படத்தில் விழவில்லை. செடியில் விழுந்திருக்கிறது. உயிருள்ள இலையில். அண்ணி பச்சையைச் சோதித்தார். பச்சை அவ்வளவு சரியாக இருந்தது. எவ்வளவு சரியாக என்றால், துடைக்க வேண்டிய இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் காலை நான் போய் அந்த இலையை எடுத்தேன். என் கண்ணுக்கும் தெரியவில்லை. சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதான பிறகுதான் அது வெளியே வந்தது.

அண்ணி திரையில் அந்தச் சுணையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் நீதான்னு நெனச்சேன். என் கை மாதிரியே போட்டுப் பழகறே, இனிமே நான் வேண்டாம்னு."

கேட்டீர்களா? நான் அவரைச் சந்தேகித்த அத்தனை நாளும் அவர் என்னைச் சந்தேகித்திருக்கிறார். மாடிப்படியில் நாங்கள் ஒருவரை ஒருவர் தவிர்த்தது ஒரே காரணத்துக்காக. எங்களுக்குள் அத்தனை ஒற்றுமை.

அண்ணன் மட்டும் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான். "ரசம் ஆறுது," என்றான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேன். நாங்கள் இருவரும் இங்கே வந்தோம். இயக்குநர் அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். வண்ணம் பட்ட இலை என்று வெளியே தெரிந்தால் மொத்த இடது பாதிமேலும் சந்தேகம் வரும். அதைக் கிழித்துவிட்டு வேறு ஆளை வைத்து எடுக்க வேண்டியிருக்கும். ஓவியப் பாதியும் போய்விடும், ஓவியர் பெயரும் போய்விடும். அவர் மிரட்டவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். வருத்தத்தோடு சொல்லப்படுவது மிரட்டலாகாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

வக்கீல் ஐயா உதவிக்கு வந்தார். ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். மேடையில் நான் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம். இதோ, சொல்கிறேன்: "இடப்பக்கப் படங்களில் கணினி வழியே எந்தக் கைவேலையும் செய்யப்படவில்லை."

அருமையான வாக்கியம். எத்தனை முறை சோதித்தாலும் உண்மை. கணினி வழியே எதுவும் செய்யப்படவில்லைதானே? இதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். கொடி முழுதாக இருக்கும். இரண்டு பெயரும் இருக்கும். பிள்ளைகள் வரிசையாக வந்து அந்த மூன்றாவது இலைமுன் நின்று, பூசணி இலையில் ஓரிடத்தில் சுணை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று குறித்துக்கொண்டு போவார்கள்.

செடி பொய் சொல்லவில்லை. கேமரா பொய் சொல்லவில்லை. தூரிகை பொய் சொல்லவில்லை. வக்கீல் ஐயாவின் வாக்கியமும் பொய் சொல்லவில்லை. நான்கு உண்மைகள் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு இந்த மேடைவரை வந்துவிட்டன. ஐந்தாவதாக நானும் ஒரு மூலையைப் பிடிக்க வேண்டுமா?

பிடிக்க மாட்டேன்.

நேற்று அண்ணியிடம் கேட்டேன், என்ன சொல்லட்டும் என்று. தூரிகை கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "நடந்ததைச் சொல்லு. ஆனா என்னைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டுச் சொல்லாத. எனக்கு அது பிடிக்காது."

ஆகவே, அவையோரே, காப்பாற்றாமல் சொல்கிறேன். அந்த இலையில் என் அண்ணியின் கை பட்டிருக்கிறது. பட்டது தெரியாமல் என் கேமரா அதை எடுத்திருக்கிறது. அவருக்கு அது முன்பே தெரியுமா என்று என் மனதின் ஒரு மூலை இன்றைக்கும் கேட்கிறது. அதையும் அவரிடமே கேட்டேன். எந்த இலையில் வைத்தோம், எதில் துடைத்தோம் என்று ஜாதகமா எழுதி வைப்பார்கள் என்றார். நம்பினேன். முழுதாகவா? இல்லை. அவரும் என்னை முழுதாக நம்புவதில்லை. அப்படித்தான் ஒரே கொடியில் இரண்டு பேர் வேலை செய்ய முடியும். அவர் பச்சையை நான் சோதிக்கிறேன். என் இலையை அவர் சோதிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் சேர்ந்து சாமி கும்பிடலாம். சேர்ந்து படம் செய்ய முடியாது.

சந்தேகப்படாதீர்கள் என்று சொல்லவா இந்த மேடை? இல்லை. சந்தேகப்படுங்கள். தாராளமாகப் படுங்கள். படத்தைச் சந்தேகப்படுங்கள், படம் எடுத்தவளைச் சந்தேகப்படுங்கள், பட்டனைச் சந்தேகப்படுங்கள், பட்டாடை உடுத்திய வாக்கியங்களைச் சந்தேகப்படுங்கள். ஆனால் தள்ளி நின்று சந்தேகப்படாதீர்கள். தள்ளி நின்று சந்தேகப்பட்டால் அது வம்பு. கிட்டப் போய்ச் சந்தேகப்பட்டால் அது படிப்பு. நான் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத் தள்ளி நின்றேன். வக்கீல் ஐயா மூக்கு உரச நின்றார். எங்களில் யார் மாணவர்? அவர்தான். அவர் முதலில் கண்டதற்கு நன்றி. பிறகு எழுதியதற்கு மன்னிப்பு. இரண்டையும் பெற்றுக்கொள்ளட்டும்.

இயக்குநர் அம்மையாரிடம் ஒரு விண்ணப்பம். அந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை வையுங்கள் என்றால் வைக்கிறேன். அல்லது அதை அங்கேயே விட்டு, கீழே நடந்ததை நடந்தபடி எழுதி வையுங்கள், வருகிற பிள்ளைகள் வண்ணம் எது சுணை எது என்று தாங்களே தேடட்டும். இரண்டில் எதையும் நான் ஏற்கிறேன். ஆனால் வெட்டுவதென்றால் இலையை வெட்டுங்கள். கொடியை வெட்டாதீர்கள். தூணுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று பிரிப்பதென்றால் இந்தப் பக்கத்தில் என் பெயரும் வேண்டாம்.

அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குப் புரிகிறது.

இவ்வளவு நேரம் காது கொடுத்தவர்களுக்கு என் நன்றி. காதைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக நன்றி. விளக்குகள் எரிகின்றன, சுவர் அங்கேதான் இருக்கிறது, இடது பாதியில் மூன்றாவது இலை. வாழ்க நீங்கள், வாழ்க உங்கள் கண்கள். விடைபெறுகிறேன், வணக்கம்.

பேசி முடித்தவர் மேடையிலிருந்து இறங்கி, வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு நடந்தார். பின்வரிசையில் அண்ணி பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தேடி வந்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.